அடுப்பும் ஆய்வுக்கூடமும்

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியது 1690இல். விற்றவர் மராட்டியர்; வாங்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனியார்; எல்லை அளந்ததோ பீரங்கி! கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எந்தத் திக்கில் எவ்வளவு தொலைவு சென்று விழுந்ததோ, அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு என்பது ஏற்பாடு. அவ்விதம் அளக்கப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. 1746 முதல் 1752 வரை சென்னைக்கு மாற்றாக இந்தக் கோட்டையே ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கிற்று. 1756இல் கிளைவ் இங்கே ஆளுநராக அமர்ந்தான். 1758இல் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டது. ஏடு எழுதியோர் இவ்வளவையும் எழுதி வைத்திருக்கின்றனர்.

அதே கரையிலே, கட்டுமரம் கரை சேர்ந்ததும் மீனை எண்ணி, தரம் பிரித்து, கூடையில் ஏற்றி, மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் தலைச்சுமையாகக் கொண்டு சென்று விற்று, விற்ற காசிலே வட்டிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, உலைக்கு ஒரு பங்கு என்று வகுத்த பெண்ணை எந்த ஏடு எழுதிற்று? ஆடவன் கடலுக்குப் போனான். கணக்கு அவளிடம் இருந்தது. அந்தக் கணக்கைப் பொருளியல் என்று எவரும் அழைக்கவில்லை. வீட்டு வேலை என்றனர், அத்துடன் விட்டுவிட்டனர்.

வேடிக்கை என்னவெனில், ஐரோப்பிய மொழிகளில் இன்று பொருளியலைக் குறிக்கும் சொல், பிறப்பால் வீட்டுச் சொல்லே! மனையை ஆளுதல் என்பதுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் முதற்பொருள். செனபோன் என்பார் அப்பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். அந்நூலிலே மனை மேலாண்மையை எடுத்துச் சொல்பவன் கணவன். கைகட்டிக் கேட்பவள் மனைவி. மணமாகி வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. ஆக, மனையியலின் முதல் ஆசிரியன் ஓர் ஆண், முதல் மாணவி ஒரு சிறுமி. பின்னாளில் அந்தச் சொல் வீட்டை விட்டு வெளியேறி, அரண்மனை புகுந்து, பல்கலைக்கழகத்தில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டது. நாற்காலியில் ஆண் அமர்ந்தான். வீடு வீட்டிலேயே நின்றுவிட்டது.

அந்த வீட்டுக்கும் ஓர் அறிவுத்துறை உண்டு, அதைக் கற்பிப்பது மருத்துவம்போல, வழக்குரைமைபோல ஒரு தொழில் என்று எழுந்து நின்று சொன்ன பெண்களின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுகிறோம். மனையியல் ஆசிரியைகள் தங்கள் வேலையை எவ்வாறு கருதினர்? பிறர் அதை எவ்வாறு கருதினர்? இரண்டுக்கும் இடையே இருந்த பள்ளம் எவ்வளவு ஆழம்? மனையியல் என்றவுடன் மனையடி சாத்திரமோ என்று கேட்கும் அறிவாளிகள் இந்த நாட்டிலே உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாசல் எத்திசை நோக்க வேண்டும் என்று கவலைப்படுவது அது, வாசலருகே சாக்கடை தேங்கினால் எந்த நோய் வரும் என்று சொல்வது இது.

அமெரிக்காவிலே எல்லன் சுவாலோ ரிச்சர்ட்சு என்னும் அம்மையார் வேதியியல் கற்க விரும்பினார். மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகம் 1870இல் அவரைச் சேர்த்துக்கொண்டது, கட்டணம் வாங்காமலேயே! ஏழைக்கு இரக்கம் என்று அவர் எண்ணினார். உண்மை வேறு. எவரேனும் எதிர்த்துக் கேட்டால், இவர் எங்கள் மாணவியே அல்லர் என்று கைகழுவுவதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. கட்டணப் பதிவு இல்லாதது அந்த வழி. அதை அறிந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன் என்று பின்னாளில் அவர் சொன்னார். 1873இல் பட்டம் பெற்றார். அக்கழகத்தில் பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. அந்த வேதியியலைக் கொண்டு அவர் செய்தது என்ன? மாசசூசெட்சு மாநிலத்துக் குடிநீரை ஆய்ந்தார். உணவுப் பொருள்களில் நடக்கும் கலப்படத்தை ஆய்ந்தார். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் காட்சியிலே ஒரு சமையற்கூடம் அமைத்து, தட்டில் இருக்கும் உணவில் எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு என்று மக்களுக்குச் சொன்னார்.

1899இல் லேக் பிளாசிடு என்னும் இடத்தில் அவரும் தோழியரும் கூடினர். இத்துறைக்குப் பெயர் சூட்டப்பட்டது அங்கேதான். பத்தாண்டுக் கூட்டங்களின் முடிவில் அமெரிக்க மனைப்பொருளியல் கழகம் பிறந்தது. கூட்டம் நடந்த விடுதியின் உரிமையாளர், நூலகப் பகுப்புமுறை கண்ட மெல்வில் தூயி. யூதர் அவ்விடுதிக்குள் நுழையக் கூடாது என்பது அவர் வைத்த விதி! மனித வாழ்வைச் செப்பனிடும் அறிவியலுக்குத் தொட்டில் கட்டிய வீட்டின் வாசலிலேயே தீண்டாமைப் பலகை தொங்கிற்று. அக்கிரகாரம் நம் நாட்டில் மட்டுமே உண்டு என்று எண்ணுவோர் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

1917இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றி, வேளாண்மை, கைத்தொழில் இவற்றோடு மனைப்பொருளியல் கற்பிப்போருக்கும் ஊதியத்துக்கு நடுவண் அரசுப் பணம் வழங்கிற்று. அதற்கு இரண்டாண்டு முன்பு, ஆபிரகாம் பிளெக்சுனர் என்பார், சமூகப்பணி ஒரு தொழிலா என்று கேட்டு ஓர் உரை நிகழ்த்தியிருந்தார். தனக்கென அறிவுத்தொகுதி வேண்டும், பயிற்சி வேண்டும், சங்கம் வேண்டும், தன் பொறுப்பில் முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்பவை போன்ற அளவுகோல்களை அவர் வகுத்தார். அந்த அளவுகோலைச் செவிலியர்மீதும் ஆசிரியைகள்மீதும் வைத்தவர்கள் பலர். நாம் ஒன்று கேட்கிறோம்: பெண்கள் மிகுதியாக உள்ள வேலையைக் கண்டால் மட்டும் இந்த அளவுகோல் ஏன் உறையிலிருந்து வெளியே வருகிறது? கோயில் மணியாட்டுவது தொழிலா என்று எந்த அறிஞரும் மாநாடு கூட்டிக் கேட்டதாகத் தெரியவில்லையே!

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

தமிழகத்துப் பெண்கள் பள்ளிகளில் இத்துறைக்கு முன்னோடி தையல் வகுப்பு. எழுத்தும் எண்ணும் சொல்லித் தருகிறோம் என்றால் பெண்ணை அனுப்பத் தயங்கிய பெற்றோர், தையல் உண்டு என்றால் அனுப்பினர். தையல் ஆசிரியை பள்ளியிலே கடைசி வரிசை, ஊதியத்திலும் அப்படியே. 1914இல் சென்னையில் பெண்களுக்கு அரசுக் கல்லூரி பிறந்தது. அதுதான் பின்னர் இராணி மேரிக் கல்லூரி ஆயிற்று. 1915இல் பெண்கள் கிறித்தவக் கல்லூரி தோன்றிற்று. 1927இல் புனாவில் கூடிய அனைத்திந்திய மகளிர் மாநாடு பெண்கல்விச் சீர்திருத்தத்தையே முதற்பொருளாகக் கொண்டிருந்தது. அம்மாநாட்டு அம்மையார்களின் முயற்சியால் 1932இல் தில்லியில் இர்வின் சீமாட்டி கல்லூரி எழுந்தது. மனையியலுக்கென்றே எழுந்த கல்லூரி அது. 1940களில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் மனையியல் பட்டப்படிப்பாயிற்று.

இங்கேதான் சிக்கல். பெண்ணை நல்ல இல்லாளாக்கும் கல்வி என்று சொல்லி வாங்கிய இடம் அது. கல்லூரி வாயிலைத் திறக்கச் சொன்ன அந்தச் சொல்லே, உள்ளே நுழைந்தபின் காலில் விலங்காயிற்று. மாணவியின் தந்தை, மாப்பிள்ளை வீட்டார்க்குச் சொல்ல ஒரு பட்டம் வேண்டும், அதுவும் அடுப்பறியாப் பட்டமாக இருந்துவிடக் கூடாது என்று கருதி மகளைச் சேர்த்தார். ஆசிரியையோ, உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் உடலியலும் கற்று, நான் அறிவியல் ஆசிரியை என்று எண்ணி வகுப்புக்குள் நுழைந்தார். ஒரே வகுப்பறை, தந்தை கண்டது ஒன்று, ஆசிரியை கண்டது மற்றொன்று. நாற்பதாண்டு, ஐம்பதாண்டு இந்த இழுபறியிலேயே கழிந்தது என்று சொன்னால் மிகையன்று. தலைமையாசிரியர் ஒரு பக்கம் நின்றார்: மேலதிகாரி வருகிறாரா, சிற்றுண்டிக்கு மனையியல் ஆசிரியையைக் கூப்பிடு! ஆண்டு விழாவா, மேடை அலங்காரத்துக்கு அவரையே கூப்பிடு! இயற்பியல் ஆசிரியரை எவராவது மின்விளக்கு மாட்டக் கூப்பிட்டதுண்டா? இத்துறை ஆசிரியைகள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்பு நமக்கு இனிக்கவில்லை.

அவர்களுடைய அறிவு சொந்தச் சரக்கு அற்ற அறிவா? குன்னூருக்குப் போய்ப் பாருங்கள். 1918இல் இராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர் அங்கே பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு நிலையம் தொடங்கினார். எலிகளுக்கு வெவ்வேறு வட்டாரத்து மக்களின் உணவைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், காய்கறி கலந்த பஞ்சாப் உணவு தின்ற எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. தீட்டிய அரிசியே பெரும்பாலான சென்னை உணவு தின்ற எலி மெலிந்து நோயுற்றது. அந்த நிலையமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, நாட்டின் உணவூட்ட ஆய்வு நிறுவனம் ஆயிற்று. சேலத்திலே பிறந்த கோபாலன் பின்னர் அதன் இயக்குநரானார்.

அந்த ஆய்வின் ஒரு பகுதியைச் சற்று நின்று பார்ப்போம், ஏனெனில் அதிலே நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. பெரிபெரி வருவது பி-1 உயிர்ச்சத்துக் குறைவால். அந்தச் சத்து நெல்லின் மேற்படலத்தில் இருக்கிறது. நெல்லை அப்படியே ஆலையில் தீட்டினால் சத்து தவிட்டோடு போய்விடும். நெல்லைப் புழுக்கினாலோ, சத்து உள்ளே இறங்கி அரிசியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். ஆகவேதான் தீட்டிய பச்சரிசி உண்ட வட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவி நின்றபோது, புழுங்கல் உண்ட தமிழ்நாடு பெரிதும் தப்பியது. சடங்குக்கும் படையலுக்கும் உகந்தது பச்சரிசி, தூய்மையானது அது என்றது சாத்திரம். உழைப்பாளி வீட்டுப் புழுங்கலிலேதான் சத்து நின்றது என்றது ஆய்வுக்கூடம். கஞ்சியை வடித்துக் கொட்டாதே, அரிசியைப் பலமுறை களையாதே, முருங்கைக்கீரையை மலிவென்று ஒதுக்காதே, அதில்லாமல் போனால் குழந்தையின் கண் போகும் என்று பள்ளியிலே எடுத்துச் சொன்னவர் யார்? மனையியல் ஆசிரியை. அவர் சொன்னது பாட்டி வைத்தியமும் அன்று, சமையற்குறிப்பும் அன்று.

1952, 53இல் இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக்குழு, பெண்கள் பள்ளிகளிலும் இருபாலர் பள்ளிகளிலும் மனையியலுக்கு வசதி செய்ய வேண்டும் என்றது. பல்நோக்குப் பள்ளிகளின் ஏழு பிரிவுகளில் மனையியலும் ஒரு பிரிவாயிற்று. அதே 1953இல், அதே சென்னை மாநிலத்தில், இராசாசியின் ஆட்சி வேறொரு திட்டத்தைக் கொணர்ந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் இருப்பர். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்பர். பெண்பிள்ளை? வீட்டிலே தாயோடு வீட்டு வேலை கற்பாள்! குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது குழிக்குள் போயிற்று. வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் வனையவும் பணிக்கப்பட்டதைப் பற்றி மேடை மேடையாகப் பேசினோம், பேசியது சரியே. ஆனால் எந்தக் குலத்தில் பிறந்தாலும் பெண்ணுக்கு ஒரே குலத்தொழில்தான் என்று அத்திட்டம் எழுதாமல் எழுதியிருந்ததை அதே அளவு பேசினோமா? மனையியல் ஆசிரியைகளின் நிலைக்கு அத்திட்டம் நேர் எதிர். மனை பற்றிய அறிவு தாயிடமிருந்து மகளுக்கு வழிவழியாக வந்துவிடும் என்றால் ஆசிரியை எதற்கு? மரபு சொல்லித் தரும் தவற்றை ஆய்வு திருத்தும் என்று நம்புகிறவரால் மட்டுமே அந்த வகுப்பை நடத்த முடியும்.

1950இல் பரோடாப் பல்கலைக்கழகத்தில் மனையியலுக்குத் தனிப்புலம் தோன்றியது. அப்போது துணைவேந்தர் அன்சா மேத்தா. உலக மனித உரிமை அறிக்கையின் முதல் விதியில் எல்லா ஆடவரும் என்னும் பொருள்பட இருந்த தொடரை எல்லா மனிதரும் என்று மாற்றச் செய்த அம்மையார் அவர். அப்புலத்தை அமைக்க உதவியாக வந்தவர் பிளெம்மி கிட்ரெல் என்னும் கறுப்பின அமெரிக்கப் பெண்மணி. வட கரோலினாவில் எளிய உழவர் குடியில் பிறந்து, 1936இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மனைப்பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கறுப்பினக் குழந்தைகளுக்கு ஊட்டும் உணவே அவருடைய ஆய்வுப்பொருள். 1947இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போய், வயிறு நிரம்பியும் சத்து நிரம்பாத மறைபசியை அளந்து சொன்னார். பேருந்தில் எந்த இருக்கையில் உட்காரலாம் என்று நிறம் பார்த்த நாட்டிலிருந்து வந்து, கிணற்றில் யார் நீர் எடுக்கலாம் என்று பிறப்புப் பார்த்த நாட்டிலே அவர் வகுப்பெடுத்தார். சமையல் கற்பிக்க வந்தவர் என்று அவரை எவரேனும் சொன்னால் பொருந்துமா?

தமிழகத்திலே 1957இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கிற்று. அதை வளர்த்தவர் இராசம்மாள் தேவதாசு. ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று வந்தவர். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனபோது அவரே துணைவேந்தர். கல்லூரியை நிறுவியோரின் காந்திய நெறியோடு நமக்கு எல்லாவற்றிலும் உடன்பாடு என்று சொல்லமாட்டோம். ஆயினும் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவை எடைபோட்டு ஆயும் வேலையைப் பெண்கள் நடத்தும் ஒரு கல்லூரி தன் வேலையாக எடுத்துக்கொண்டது சிறிய செயலன்று.

மனையியல் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். செய்முறை வகுப்பில் மாணவியரைப் பெயர் வரிசைப்படி குழுவாகப் பிரிப்பர். ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம். சமைத்ததை எல்லோரும் சுவைத்து மதிப்பெண் இடவேண்டும். சேரன்மாதேவி குருகுலத்தில் 1924, 25இல் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற கொடுமைக்கு எதிராகப் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய கிளர்ச்சியை நாடறியும். எந்த முழக்கமும் இல்லாமல், மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை சமபந்தி நடத்துவது அந்த வகுப்பில் அன்றாட நிகழ்ச்சி.

வகுப்பறைக்கு வெளியே நிலை என்ன? 1920இல் தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1956இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இலட்சக்கணக்கான பிள்ளைகள் உண்ணும் அடுப்பு இது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்துப் பள்ளியொன்றில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர் சிலர் பள்ளியை முற்றுகையிட்டனர். அதிகாரிகள் முதலில் செய்தது, அந்த அம்மையாரை இடம் மாற்றியது! எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அவர் அதே பள்ளியில் சமைக்க முடிந்தது. முற்றுகையிட்டோர்மீது வழக்கும் பாய்ந்தது. அந்தச் சோற்றில் எத்தனை கிராம் பருப்பு வேண்டும் என்று கணக்கிட்டவர் தொழிலறிஞர். ஆக்கிப் போடுபவரோ தொழிலாளி என்றுகூட முழுமையாக ஏற்கப்படாதவர். 1975இல் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளருக்கு நடுவண் அரசு தருவதன் பெயர் ஊதியமன்று, மதிப்பூதியம். தொண்டு என்று பெயரிட்டுவிட்டால் சம்பளப் படி கேட்க முடியாதல்லவா!

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தைச் சூறையாடியது. நாடெங்கிலுமிருந்து உதவி குவிந்தது. அதோடு, எவரும் உடுத்த முடியாத பழந்துணி நாகை, கடலூர்க் கரையோரங்களில் சாலையிலே மலையாகக் கிடந்தது. கைக்குழந்தைக்கு என்ன கொடுப்பது, எந்த நீரைக் குடிப்பது, நூறு குடும்பத்துக்கு ஒரே கொட்டகையில் எப்படிச் சமைப்பது, துயருற்ற குடும்பத்துக்கு எதை அனுப்பக் கூடாது என்பவை மனையியல் பாடநூலில் உள்ள செய்திகள்தாம். ஆனால் பேரிடர் என்றதும் பொறியாளரைத் தேடும் அரசு, மருத்துவரைத் தேடும் அரசு, மனையியலாரைத் தேடும் வழக்கத்தை அறியாது.

குற்றம் முழுவதும் வெளியாரிடம் என்று நாம் சொல்ல வரவில்லை. பெண்ணுக்கு ஏற்ற படிப்பு என்ற சொல்லை இத்துறையினரில் பலர் நெடுங்காலம் கேடயமாகப் பிடித்தனர். அது எளிதில் மாணவியரைக் கொணர்ந்தது, மாணவரைத் துரத்தியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பாடத்தில் வேற்றுமை வேண்டுமா என ஆராய, அதே அன்சா மேத்தா தலைமையில் அமைந்த குழு 1964இல் அறிக்கை தந்தது. பாலைக் காட்டிப் பாடத்தைப் பிரிப்பது தகாது என்பது அதன் முடிவு. பின்னர் வந்த கோத்தாரிக் குழுவும் மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்கக் கூடாது, விருப்பப் பாடமாகவே இருக்க வேண்டும் என்றது. இரண்டையும் சில ஆசிரியைகள் தம் வேலைக்கு வந்த ஆபத்தாகக் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. கட்டாயத்தால் நிற்கும் பாடம், தாலியால் நிற்கும் உரிமை போன்றது. அமெரிக்காவில் அந்தக் கழகமே 1994இல் தன் பெயரை மாற்றி, குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்று வைத்துக்கொண்டது. இங்கும் உணவூட்டவியல், துணியியல், மனித வளர்ச்சி என்று பிரிந்து தனித்தனிப் பட்டங்களாயின. 1963இல் தோன்றிய இந்திய உணவியலார் சங்கம் மருத்துவமனைக்குள் ஓர் இடம் தேடிக்கொண்டது. வெள்ளை அங்கி அணிந்தவர்க்கு மதிப்பு வந்தது. பள்ளியில் மனையியல் என்ற பழைய பெயரோடு நின்றவர்க்கு அது இன்னும் முழுதாக வரவில்லை.

1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கும் எவ்வேலையிலும் சம உரிமையும் வேண்டும் என்றது. பள்ளி ஆசிரியர் வேலையில் பெண்களை மிகுதியாக அமர்த்த வேண்டும் என்றும் தீர்மானித்தது. சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. வீட்டு வேலைக்கு உரிய மதிப்போ அதனினும் தாழ்ந்து வந்தது. இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருத்தி அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு குடும்பத் தலைவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயரிடவில்லை. உரிமைத்தொகை என்றே பெயரிட்டது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியலிலே, வீட்டு வேலை மட்டுமே செய்யும் பெண் 2011 வரையிலும் வேலை செய்யாதோர் வரிசையில்தான் எழுதப்பட்டாள். மனையியல் ஆசிரியை பள்ளியில் அரிசி வேகும் முறையைச் சொல்லித் தரும் வரை வேலை செய்பவர். ஓய்வு பெற்று வீடு திரும்பி அதே அரிசியை வேகவைத்தால், கணக்கெடுக்க வருபவர் அவரை அடுத்த பட்டியலுக்கு மாற்றி எழுதுவார்.